எழுதாத உயிலுக்கு ஏது புரோபேட்?

வக்கீல் ஆபீஸுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சட்டம் கேட்க வருவதில்லை. பெரியப்பா சொன்னது பொய் என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்று பார்க்கத்தான் வருகிறார்கள்.

நீங்களும் அப்பாவையோ அம்மாவையோ பறிகொடுத்தவர் என்றால் அந்தப் பெரியப்பாவை உங்களுக்குத் தெரியும். காரியம் முடிந்து, பந்தலைப் பிரித்து, வாடகை நாற்காலிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது மெதுவாக வந்து தோளில் கை போடுவார். "உயில் எதுவும் எழுதலையாமே? அப்போ ஹைகோர்ட்டுல புரோபேட் வாங்கணுமேப்பா. வருஷக்கணக்கா இழுக்கும்" என்பார். சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறிவிடுவார். தூக்கம் போவது உங்களுக்குத்தான்.

அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு பாத்திரக்கடைக்கு மாடியில் என் ஆபீஸ். பெரியப்பாக்கள் கிளப்பிவிட்ட கூட்டம்தான் என் படியேறுகிறவர்களில் பெரும்பகுதி. எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். உயில் என்று ஒன்று இருந்தால், அது இறந்தவர் எழுதியதுதான் என்று கோர்ட் பார்த்து முத்திரை வைத்துத் தருவது புரோபேட். உயிலே இல்லாதபோது முத்திரையை எதன்மேல் வைப்பார்கள்? தாலுகா ஆபீஸில் வாரிசு சான்றிதழ் வாங்கி, பட்டாவில் பெயர் மாற்றி, வாரிசுகள் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்து பத்திரம் பதிந்தால் ஆயிற்று. பங்குப் பத்திரம், பெரிய டெபாசிட் என்று இருந்தால் சில இடங்களில் கோர்ட்டில் வேறொரு சான்று கேட்பார்கள். அதுவும் புரோபேட் இல்லை. இதைச் சொல்லி முடித்ததும் எதிரே இருப்பவரின் தோள்கள் கீழே இறங்கும் பாருங்கள், அதைப் பார்ப்பதற்காகவே இந்தத் தொழிலில் இருக்கலாம்.

மெத்தையைக் கிழித்த குடும்பம்

கொரட்டூரிலிருந்து ஒரு அம்மாவும் அவருடைய இரண்டு மகன்களும் மகளும் வந்தார்கள். அந்த அம்மாவின் வீட்டுக்காரர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்து ரிடையர் ஆனவர். ஒரு நாள் காலையில் ஏரிக்கரைப் பக்கம் நடந்துவிட்டு வந்து, பேப்பரை விரித்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். பெரிய மகனுக்கு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. காரியத்துக்கு மறுநாளே செல்போனில் தேடியிருக்கிறான். உயில், புரோபேட், ஹைகோர்ட் என்று எதையெதையோ படித்துவிட்டு, உயிலைக் கண்டுபிடிக்காவிட்டால் வீடு சர்க்காருக்குப் போய்விடும் என்று முடிவுக்கு வந்துவிட்டான்.

வீட்டையே புரட்டிப் போட்டிருக்கிறார்கள். பரணிலிருந்த கொலுப் பெட்டி, அரிசி டிரம், சாமி படங்களின் பின்னட்டை எதுவும் மிச்சமில்லை. அப்பா படுத்த இலவம்பஞ்சு மெத்தையைக் கூடக் கிழித்துப் பார்த்திருக்கிறார்கள். பஞ்சு ஹாலெல்லாம் பறந்து, சின்னவனுக்கு ஆஸ்துமா வந்து, நெபுலைசர் வைக்கிற வரைக்கும் போயிருக்கிறது. என் முன்னால் உட்கார்ந்திருந்தபோதும் அவனுக்கு மூச்சு விசில் அடித்துக்கொண்டிருந்தது.

"உயில் இல்லைன்னா சட்டப்படி அம்மாவுக்கும் உங்க மூணு பேருக்கும் சமபாகம். சர்க்காருக்கு உங்க வீட்டுல ஒரு செங்கல் கூடக் கிடையாது. புரோபேட்டும் கிடையாது" என்றேன். பெரியவன் இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டான். மகள் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக அம்மாவைப் பார்த்தாள். அதுவரை வாயே திறக்காமல் இருந்த அந்த அம்மா கேட்டார்: "அப்போ அவர் எழுதாம போனது தப்பில்லையா? ஒரு வாரமா போட்டோவைப் பார்த்து அந்த மனுஷனைத் திட்டிக்கிட்டே இருக்கேனே!"

இரண்டாவது அபிப்பிராயம்

எல்லோரும் இப்படி உடனே நம்பிவிட மாட்டார்கள். திருமுல்லைவாயலில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் ஒருவர் இறந்துபோன அம்மாவின் சொத்து விஷயமாக வந்தார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் வாடியது. "அவ்வளவுதானா? கேஸே இல்லையா? வாய்தா எதுவும் இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். என் மேஜையை ஒரு முறை பார்த்தார், மேலே கடகடவென்று சுற்றிய ஃபேனைப் பார்த்தார், கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். இத்தனை சுலபமாக முடிகிற விஷயத்தைச் சொல்கிறவருக்குச் சட்டம் தெரிந்திருக்காது என்று நினைத்திருக்க வேண்டும்.

ஒரு மாதம் கழித்து வாரிசு சான்றிதழோடு திரும்பி வந்தார், அடுத்து என்ன செய்வது என்று கேட்க. அண்ணா நகரில் பெரிய வக்கீல் ஒருவரைப் போய்ப் பார்த்ததாகத் தானாகவே ஒப்புக்கொண்டார். "அவர் என்ன சொன்னார்?" என்றேன். கொஞ்சம் நெளிந்துவிட்டுச் சொன்னார்: "நீங்க சொன்னதைத்தான் மேடம் அவரும் சொன்னாரு. ஆனா அங்க ஏசி இருந்துச்சா, கேக்கும்போதே ஒரு நம்பிக்கை வந்துடுச்சு."

சாக்கடைச் சண்டை

வாரிசு சான்றிதழ் என்றதும் சிலருக்கு வேறு பயம் வரும். மனு போட்டால் வி.ஏ.ஓ. விசாரணைக்கு வருவார். இறந்தவருக்கு யார் யார் வாரிசு என்று அக்கம்பக்கத்தில் கேட்பார். முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வந்த லோகநாதனுக்கு அந்த அக்கம்பக்கம்தான் பிரச்சினை. அவருடைய அப்பாவுக்கும் பக்கத்து வீட்டு ஏகாம்பரத்துக்கும் பல வருஷமாகச் சாக்கடைத் தண்ணீர் சண்டை. யார் வாசலில் யார் தண்ணீர் தேங்குகிறது என்று ஆரம்பித்து, போலீஸ் ஸ்டேஷன் வரை போய், கடைசியில் இரண்டு வீட்டுக்கும் நடுவே எழும்பிய சுவரில் கண்ணாடித் துண்டு பதிப்பதில் முடிந்த சண்டை.

"அந்தாளு வேணும்னே எதையாவது கோத்து வுட்டுருவான் மேடம். எங்கப்பாவுக்கு இன்னொரு குடும்பம் இருந்துச்சுன்னு சொன்னாக்கூட ஆச்சரியப்பட மாட்டேன். பேசாம புரோபேட்டே போட்டுடலாமா? கோர்ட்டுன்னா இவனைக் கேக்க மாட்டாங்கல்ல?" என்றார் லோகநாதன். புரோபேட்டுக்கு வழியில்லை, விசாரணையைத் தாண்டித்தான் ஆக வேண்டும் என்று தைரியம் சொல்லி அனுப்பினேன்.

வி.ஏ.ஓ. வந்த அன்று லோகநாதன் தன் வீட்டு ஜன்னலோரம் நின்று கேட்டிருக்கிறார். ஏகாம்பரம் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே வந்து, கையைக் கட்டிக்கொண்டு, சம்சாரம் பேர், மகன் பேர், பெங்களூரில் கட்டிக்கொடுத்த மகள் பேர் எல்லாவற்றையும் தப்பில்லாமல் சொல்லியிருக்கிறார். வேறு யாராவது உண்டா என்று வி.ஏ.ஓ. கேட்டதற்கு, "வேற யாரு சார்? ஊடு, வேலை, ஊடு. அத்தவுட்டா என்னாண்ட சண்டை. அந்த மனுசனுக்கு வேற எது தெரியும்?" என்றவர், துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டாராம். லோகநாதனுக்குத் தாங்கவில்லை. ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஏகாம்பரம் கையை உதறாமல், ஆனால் முறைப்பாகவே சொல்லியிருக்கிறார்: "சண்டை சாக்கடைக்கு தான் நைனா. சாவுக்கு இல்ல. அந்தத் தண்ணிய மட்டும் இன்னிக்கே அந்தாண்ட திருப்பி வுடு."

ஓட்டு இல்லாதவர்

திருநெல்வேலிப் பக்கம் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர் சுப்பையா. மகன் இங்கே ஐ.டி.யில் வேலை பார்ப்பதால் ஆவடிக்குப் பக்கத்தில் ஒரு அடுக்குமாடியில் ஃபிளாட் வாங்கி வந்து சேர்ந்தவர்கள். பத்திரம் மனைவி பெயரில். அந்த அம்மாவும் டீச்சர். அவர் காய்ச்சலில் படுத்து எழாமல் போனதற்குப் பிறகு, குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்குச் சுப்பையா தனியாகப் போயிருக்கிறார். தண்ணீர் லாரிக்காரரை மாற்றுவது பற்றி ஓட்டெடுப்பு. இவர் கை தூக்கியதும் செயலாளர் எழுந்து, "சார், வீடு உங்க பேர்ல இல்ல. புரோபேட் கொண்டு வர்ற வரைக்கும் நீங்க பார்வையாளர்தான்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

என் ஆபீஸுக்கு வந்து இதைச் சொன்னார் சுப்பையா. "நாப்பது வருசம் அவகூட குடும்பம் நடத்தினேன்மா. ஒத்தை நாள்ல நான் பார்வையாளர் ஆயிட்டேன்" என்றார். மகன் பக்கத்தில் உட்கார்ந்து, புரோபேட்டுக்கு எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தான். நான் சட்டப் புத்தகத்தை எடுக்கவில்லை, போனை எடுத்தேன். செயலாளரிடம், "சார், அந்த அம்மா உயில் எழுதல. எந்த உயிலுக்கு நாங்க புரோபேட் வாங்கணும்னு சொன்னீங்கன்னா வாங்கிடுவோம்" என்றேன். அந்தப் பக்கம் லிஃப்ட் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு, "யாரையாவது கேட்டுட்டு சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

யாரைக் கேட்டாரோ, நல்ல மனிதராகத்தான் இருக்க வேண்டும். வாரிசு சான்றிதழ் வந்ததும் கணவர், மகன், வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் மூவரின் பெயரையும் உரிமையாளர்களாகப் பதிவேட்டில் ஏற்றி, அவர்கள் சார்பாகச் சுப்பையா ஓட்டுப் போடலாம் என்று எழுதியும் கொடுத்துவிட்டார். அடுத்த கூட்டம் முடிந்த கையோடு சுப்பையா எனக்குப் போன் செய்தார். குரலில் அப்படியொரு தெம்பு. "ஓட்டு கிடைச்சிட்டும்மா. மொத ஓட்டையே அந்தச் செயலாளருக்கு எதிராத்தான் போட்டேன்."

வேப்பம்பட்டு அக்கா

இது நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது. தேவராஜ் ஆவடி ரூட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அவருடைய அப்பா சின்ன வயதில் வயல் கூலிக்குப் போனவர். வயலெல்லாம் கம்பெனி ஆனபின் அதே இடத்தில் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை பார்த்து, பட்டாபிராம் பக்கம் ஒரு சின்ன வீடு கட்டியவர். அம்மா முன்பே போய்விட்டார். அப்பாவும் போனதும், புரோக்கர் ஒருவர் தேவராஜைப் பிடித்துக்கொண்டார்.

"புரோபேட்டுன்னு ஒண்ணு கீதாமே மேடம். அத்த போட்டா அக்காகிட்ட கையெய்த்து வாங்கத் தேவல்லன்னு சொன்னாரு. மெய்தானா?" என்று கேட்டார் தேவராஜ்.

"பொய். அக்கா இருக்காங்களா?"

"இருக்குது. வேப்பம்பட்டுல." நான் கேட்காமலே மீதியையும் சொன்னார். அக்கா பேர் செல்வி. வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து அப்பா யார் கேட்டாலும், "எனக்கு ஒரே புள்ள, அது தேவராஜு" என்பார். ரேஷன் கார்டிலிருந்து அவள் பெயரை எடுக்கச் சொல்லி அவரே அலைந்து திரிந்து எடுத்தார். அப்பா செத்த அன்று சேதி கேட்டு அவள் ரயிலேறி வந்திருக்கிறாள். தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்த கம்பத்தடியிலேயே நின்றிருக்கிறாள். யாரும் வா என்று கூப்பிடவில்லை. பாடை அவளைக் கடந்து போனபோது பூவை மட்டும் போட்டுவிட்டு ஸ்டேஷன் பக்கம் நடந்துவிட்டாள்.

"நானும் கூப்புடல மேடம். தீச்சட்டி கைல. பாத்துக்கினே போய்ட்டேன்" என்றார் தேவராஜ்.

அவள் பெயரில்லாமல் மனு போட்டால் அது பொய் மனு, நாளைக்குப் பத்திரமும் நிற்காது, ஆட்டோக்காரருக்குக் கோர்ட்டும் கேஸும் எதற்கு என்று எடுத்துச் சொன்னேன். சட்டப்படி அவளும் நீங்களும்தான் வாரிசு, போய்ப் பாருங்கள் என்றேன். தலையைக் குனிந்தபடியே படியிறங்கிப் போனார். வருவார் என்று நான் நினைக்கவில்லை.

அடுத்த வாரம் அக்காவோடு வந்தார். செல்வி மெலிந்த பெண். ஏற்றுமதி கார்மென்ட்ஸில் தையல் வேலை, அன்றைக்கு லீவு போட்டு வந்திருந்தாள். தேவராஜ் அவள் வாசலில் போய் நின்றபோது என்ன நடந்தது என்று இருவருமே சொல்லவில்லை. தம்பியின் கண்கள் மட்டும் இன்னும் சிவந்திருந்தன. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு அவள்தான் ஆரம்பித்தாள். "மேடம், ஊட்டுல எனக்குப் பாகம் வேணாம். விடுதலைன்னு இன்னாமோ எழுதிக் குடுப்பாங்களாமே, அத்த எழுதிக் குடுத்துர்றேன். ஆனா அந்த வாரிசு பேப்பர்ல எம்பேரு கண்டிப்பா வரணும். தம்பி பேருக்கு மேல வரணும். நான் தான் மூத்தது."

பேர் வரும், வயது வரிசைப்படி முதலிலேயே வரும்; ஆனால் விடுதலைப் பத்திரம் அழுதுகொண்டே எழுதுகிற விஷயமில்லை, ஆறப்போட்டு யோசியுங்கள் என்றேன். அவள் பிடிவாதமாகத் தலையாட்டினாள். குறுக்கே வந்தது தேவராஜ். "எதுக்குக்கா இப்ப? இருக்கட்டும். மேல ஒரு ரூம் கட்டலாம்னு கீறேன். நல்லது கெட்டதுக்கு வந்தா தங்கிக்க." அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பத்திரம் எதுவும் அன்றைக்கு எழுதவில்லை. எனக்குத் தெரிந்து இன்றுவரை எழுதவில்லை.

விசாரணை முடிந்து சான்றிதழ் வந்ததும் இருவருமாக எனக்குக் காட்ட வந்தார்கள். செல்வி அதைக் கண்ணாடிக் கவரில் போட்டு வைத்திருந்தாள். தன் பெயருக்கு நேரே 'மகள்' என்றிருந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினாள். "சர்க்காரே கையெய்த்து போட்டுக் குடுத்துட்டாங்க மேடம். இனிமே எங்க நைனாவே எய்ந்து வந்தாலும் இல்லன்னு சொல்ல முடியாது."

பாஸ்கரன் வந்த சாயங்காலம்

பூந்தமல்லி கோர்ட்டில் பிராக்டீஸ் செய்யும் பாஸ்கரன் என்னோடு சட்டம் படித்தவர். வாரிசு விவகாரங்களில் என்னைவிட அனுபவசாலி. எனக்கே சந்தேகம் வந்தால் அவரைத்தான் கேட்பேன். அவருடைய அப்பா கண்டக்டராக இருந்தவர், போன மழைக்காலத்தில் தவறிவிட்டார். நான் போய்த் துக்கம் விசாரித்துவிட்டு வந்து கொஞ்ச நாளில், ஒரு சாயங்காலம் பாஸ்கரன் முன்னறிவிப்பில்லாமல் என் படியேறி வந்தார். கோட்டு கையில் தொங்குகிறது, கழுத்துப்பட்டையைக் கூடக் கழற்றவில்லை. கட்சிக்காரர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்பா உயில் எதுவும் எழுதல" என்றார்.

"சரி" என்றேன்.

"நான், தங்கச்சி, அம்மா. அவ்வளவுதான். இப்போ... புரோபேட் எதுவும் தேவையா?"

கிண்டல் செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. பல வருஷமாக நூற்றுக்கணக்கான பேருக்கு அவரே சொன்ன பதிலை நான் முதலிலிருந்து நிதானமாகச் சொன்னேன். உயில் இல்லை, அதனால் புரோபேட் இல்லை. அம்மாவுக்கும் உங்க ரெண்டு பேருக்கும் சமபாகம். இ-சேவையில் மனு போட்டால் போதும், நானே கூட வருகிறேன். ஒவ்வொன்றுக்கும் புதிதாகக் கேட்பவரைப் போலத் தலையாட்டினார். கீழே கடையிலிருந்து டீ வந்தது. குடித்தார். கழுத்துப்பட்டையை அப்போதுதான் கழற்றினார். எழுந்து போகும்போது கதவருகே நின்று சொன்னார்: "எனக்குத் தெரியும்மா. என் அப்பா விஷயம்னு வந்ததும், வேற யாராவது வாயால சொல்லிக் கேக்கணும்போல இருந்துச்சு."

இப்படியாக, கோர்ட்டில் ஜெயித்துக் கொடுத்த கேஸ்களுக்காக என்னை நினைவில் வைத்திருப்பவர் ஒருவரும் இல்லை. போடவே தேவையில்லாத கேஸைப் போடாமல் விட்டதற்காகத்தான் தீபாவளிக்குத் தீபாவளி எனக்கு ஸ்வீட் வருகிறது.